கம்பம் பள்ளத்தாக்கு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஊர் சின்னமனூர்ப் பக்கம் என்று சொன்னால் போதும். ஆபீஸிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, கேள்விகள் வரிசையாக வரும். இருபது வருடமாக ஒரே கேள்விகள்தான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கம்பமா? அது ஆந்திராவில்தானே இருக்கு?

ஆந்திராவிலும் ஒரு கம்பம் இருக்கிறது. ஆங்கில எழுத்தும் ஒன்றேதான். அதற்கு ரயில் நிலையம் உண்டு, எங்கள் கம்பத்துக்குக் கிடையாது. அதனால் ரயில் டிக்கெட் போடும்போது கம்பம் என்ற பெயர் வந்தால் அது எங்கள் ஊர் இல்லை. ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பம் தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது. கம்பராயப் பெருமாள் கோயில் ஊருக்கு நடுவில். அங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் போனால் குமுளி, அப்புறம் கேரளா.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் ஒண்ணுதானே?

இல்லை. தேனி மாவட்டம் 1996-ல் மதுரையிலிருந்து பிரிந்தது. அதில் ஆண்டிபட்டி, வருசநாடு, பெரியகுளம் எல்லாம் சேர்த்தி. பெரியகுளம் என்றால் மாம்பழம், ஆண்டிபட்டி என்றால் வறட்சி. பள்ளத்தாக்கு என்று நாங்கள் சொல்வது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாற்றைப் பிடித்துக்கொண்டே தேனி வரை போகிற பட்டையை மட்டும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. தெற்கு முனையில் இரண்டும் நெருங்கி நிற்கும், வடக்கே போகப்போக விலகும்.

எப்பப் பார்த்தாலும் பச்சைப்பசேல்னு இருக்கே, அங்கே நல்ல மழையா?

எல்லாரும் தப்பாக நினைப்பது இதைத்தான். பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். ஆனி, ஆடியில் மேற்கே மலை உச்சியைப் பார்த்தால் மேகம் கறுத்து நிற்கும். அந்தப் பக்கம் குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் எங்களுக்கு வருவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான், அந்தக் காற்றுக்கு வாழைதான் சாயும். உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சில வருடம் அதுவும் ஏமாற்றும்.

நீங்கள் பார்க்கிற பச்சை, மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையால் வந்தது. எங்கள் தண்ணீர் அங்கிருந்து இறங்கி வருகிறது, எங்கள் ஆட்கள் வேலைக்கு அங்கே ஏறிப் போகிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கம் பெய்யுற மழை மலையைத் தாண்டி எப்படி வருது?

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிற ஆறு. அதை மலைமேல் மறித்துத் தேக்கி, தேக்கடியில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். 1887-ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் திறப்பு விழா. பெரியாறும் முல்லையாறும் சேரும் இடத்துக்குக் கீழே கட்டியதால் முல்லைப் பெரியாறு அணை.

குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கும்போது சன்னல் ஓரம் உட்காருங்கள். மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் படுத்திருக்கும். சுரங்கத்தில் வந்த தண்ணீர் அவற்றில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, ஆற்றில் சேருகிறது. மின் நிலையம் ஓடாத நாளில் தண்ணீரை வேறு வழியாக விடுவார்கள். அது விழும் இடத்துக்கு இரைச்சல் பாலம் என்று பெயர். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, பெயர் வைத்தவர் பெரிதாக யோசித்திருக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கம்பம், சின்னமனூர், தேனி தாண்டி வைகையில் கலந்து வைகை அணைக்குப் போய்விடும்.

லோயர் கேம்ப்னு ஒரு ஊருக்குப் பேரா?

ஆமாம், பஸ் போர்டிலும் அப்படித்தான். அணை கட்டும்போது மலையடிவாரத்தில் போட்ட கூடாரம் அது. அந்தக் காலத்தில் பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், இன்றைக்கு நாம் கொடைக்கானல் ரோடு என்கிற இடம். இயந்திரங்கள் அங்கே இறங்கி மாட்டு வண்டியில் இவ்வளவு தூரம் வந்தன. சுண்ணாம்புக் கல் கூடலூர்ப் பக்கம் குருவனூற்றில் எடுத்தது. அணை முழுக்கக் கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும்தான், சிமெண்ட் இல்லை.

அப்போ உங்க ஊருக்காகத்தானே அந்த அணையைக் கட்டினாங்க?

இதைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே சிலர் முறைப்பார்கள். அணை எங்களுக்காகக் கட்டியதில்லை. 1876-லிருந்து 1878 வரை மதுரைச் சீமையில் தாது வருடப் பஞ்சம் ஆளை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் இந்தத் திட்டம் வேகம் எடுத்தது. குறி மதுரை, மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலம். பள்ளத்தாக்கு, தண்ணீர் போகிற வழி.

யோசனை அதற்கும் முந்தையது. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். பணம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய கால்டுவெல் என்ற கேப்டன் வந்து பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்தார்.

எங்களுக்குச் சுருளியாறும் பழைய வாய்க்கால்களும் முன்பே இருந்தன. ஆனால் வருடத்தில் இரண்டு போகத்துக்கு நம்பிக்கையாகத் தண்ணீர் வந்தது அணைக்குப் பிறகுதான். வழியில் இருந்தவனுக்கு விருந்து கிடைத்த கதை. இன்றைக்கும் வந்த தண்ணீரில் பெரும்பங்கு எங்களைத் தாண்டி வைகை அணைக்குப் போய், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று பிரிகிறது.

பென்னிகுயிக் தன் சொத்தை வித்துத்தான் அணையைக் கட்டினாராமே?

சின்ன வயதில் நானும் இப்படித்தான் கேள்விப்பட்டேன். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது, அரசாங்கம் கைவிரித்தது, அவர் இங்கிலாந்து போய்ச் சொத்தை விற்றுக்கொண்டு வந்தார் என்று என் தாத்தா கண்ணில் பார்த்தது போலச் சொல்வார். வெள்ளம் அடித்துக்கொண்டு போனது நிஜம், ஒரு முறை இல்லை, பல முறை. சொத்து விற்றதற்கு இதுவரை யாரும் ஆவணம் காட்டியதில்லை. மெட்ராஸ் அரசாங்கத்தின் பணத்தில் கட்டிய அணை அது.

கர்னல் ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர், ராணுவப் பொறியாளர். மலைக்காய்ச்சலும் காட்டாறும் இருந்த இடத்தில் எட்டு வருடம் விடாமல் நின்று முடித்தார். அவருக்கு அந்தப் பெருமையே போதும், சொத்துக் கதை எதற்கு என்பது என் கட்சி. ஊரில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. அப்புறம், அந்த வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரருக்குப் பொங்கல் வைக்கிறீங்களாம், நிஜமாவா?

நிஜம்தான். ஜனவரி 15 அவருடைய பிறந்தநாள், நம் பொங்கலும் அதை ஒட்டியே வருகிறது. பாலார்பட்டியில் ஊரே சேர்ந்து அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் அரசு கட்டிய மணிமண்டபம் 2013-ல் அவர் பிறந்தநாளன்று திறக்கப்பட்டது. 2022-ல் இங்கிலாந்தில் அவருடைய ஊரான கேம்பர்லியில் தமிழக அரசு சிலையும் வைத்தது.

டீக்கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கும், மீசையோடு. பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்து, வீட்டில் பென்னி என்று கூப்பிடுவார்கள். சுரங்க வேலையைப் பார்த்த லோகன் துரையின் பெயரும் இங்கே சிலருக்கு உண்டு.

இருபோகம்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை நெல்லா? 14,707 ஏக்கர்னு பேப்பரில் வருதே, அது என்ன கணக்கு?

ஆமாம், ஒரே வயலில் இரண்டு நெல். ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். தேக்கடித் தலைமதகில் அமைச்சரோ கலெக்டரோ பூத்தூவித் திறப்பார்கள். தொடக்கத்தில் வினாடிக்கு 300 கனஅடி, அதில் 200 பாசனத்துக்கு, 100 குடிநீருக்கு. அணையில் 104 அடிக்குக் கீழே போனால் தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் மே மாதம் முழுக்க ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு அணையில் எத்தனை அடி என்பதுதான். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

14,707 ஏக்கர் என்பது உத்தமபாளையம் தாலுகாவில் 11,807, போடியில் 488, தேனியில் 2,412, மூன்றையும் கூட்டிய ஆயக்கட்டு. தண்ணீர் திறக்கும் செய்தியில் வருடா வருடம் இதே எண் வரும். வயல் அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. நெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தென்னை வைத்தவர் உண்டு, வாழைக்கு மாறியவர் உண்டு, கல் ஊன்றி மனை போட்டு விற்றவரும் உண்டு. உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் வரை ரோட்டோரம் பார்த்துக்கொண்டே வந்தாலே தெரியும்.

18-ம் கால்வாய், பி.டி.ஆர். கால்வாய் எல்லாம் இதில் சேர்த்திதானா?

தனி. போன பதிலில் சொன்னது ஆற்றிலிருந்து நேராகப் பிரியும் பழைய வாய்க்கால்களில் பாயும் வயல். 18-ம் கால்வாய் லோயர் கேம்ப்பில் பிரிந்து மலையோரமாகப் போடி வரை போய்க் கண்மாய்களை நிரப்பும், அதற்கு ஆற்றில் தண்ணீர் மிதமிஞ்சி வர வேண்டும். பி.டி.ஆர். என்பது உத்தமபாளையத்துக்காரரான பி.டி. ராஜன். நீதிக்கட்சித் தலைவர், 1936-ல் சில மாதம் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர்.

பன்னீர் திராட்சைக்கு ஏன் அந்தப் பேர்? எங்க ஊரில் கிடைக்கிற கறுப்புத் திராட்சைதானே அது?

பழத்தை மூக்கருகே கொண்டுபோனால் லேசாக ஒரு வாசம் வரும், அதனால் பன்னீர். விதை இருக்கும், தோல் கொஞ்சம் தடிப்பு, நசுக்கினால் உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கடையில் நீளமாக, விதையில்லாமல் விற்பது வேறு ரகம். எங்கள் பக்கத்திலேயே விதையில்லாத் திராட்சைக்கு ஓடைப்பட்டி பேர் போனது. பன்னீருக்கு கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி என்பது சொல்லிவரும் வரலாறு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே கவாத்து அடித்து நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் இன்றைக்கு அறுப்பு நடந்தால் பக்கத்துத் தோட்டத்தில் இப்போதுதான் துளிர் விட்டிருக்கும், அதற்கடுத்ததில் பிஞ்சு. அதனால் வருடம் முழுக்க எங்காவது பழம் இருக்கும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். அறுப்பு நாளில் உள்ளே போனால் வெயில் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டேதான் நடக்க வேண்டும், குலை நெற்றியில் இடிக்கும். பழம் பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் தோல் வெடித்துவிடும், செவட்டை நோய் வேறு வரும். வியாபாரி வந்து பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்ப்பார், ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போடுவார், நன்றாக இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். விலை பேச்சு அந்த முகத்திலிருந்துதான் தொடங்கும்.

திராட்சை மேல வெள்ளையா படிஞ்சிருக்கே, அது மருந்துதானே?

பெரும்பாலும் இல்லை. பழம் தானாகப் பூசிக்கொள்கிற மெழுகு அது. பனி படர்ந்த மாதிரிச் சீராக இருக்கும், விரலால் தேய்த்தால் போய்ப் பளபளப்பு தெரியும். அதிகம் கை படாத, புதிதாக அறுத்த பழத்தில்தான் அது அப்படியே இருக்கும். சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறை மாதிரி, அதிலும் நீலம் கலந்து இருந்தால் அது மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பூஞ்சைக்கு அடிப்பார்கள். மருந்தே அடிக்காமல் திராட்சை விளைகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதுவாக இருந்தாலும் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

விடியற்காலையில் ஜீப் ஜீப்பா பெண்கள் போறாங்களே, எங்கே?

ஏலத்தோட்டத்துக்கு. விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று ஊர் முனைகளில் ஜீப்புகள் நிற்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் கொங்காணி. குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக மலையேறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறைப் பக்கம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். தினமும் மாநிலம் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்கள் இவர்கள்.

காயெடுப்பு என்றால் நின்று பறிப்பது இல்லை. ஏலச் செடியில் காய் தூரில், தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கும். ஈர மண்ணில் குந்தியபடி, விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். அட்டை கடிக்கும். மறுநாள் அதே நேரத்துக்கு ஜீப் வரும். ஜீப்பில் அடைத்துக்கொண்டு போவதும், கொண்டை ஊசி வளைவில் கவிழ்வதும் எங்கள் ஊரில் அடிக்கடி படிக்கிற செய்தி. நாலு நாள் சோதனை நடக்கும், அப்புறம் பழையபடிதான்.

ஏலக்காய் விளையுறது கேரளாவில். அப்புறம் ஏலம் ஏன் போடியில் நடக்குது?

தோட்டம் அந்தப் பக்கம் என்றாலும் தோட்டத்துக்காரர்களிலும் வியாபாரிகளிலும் பலர் இந்தப் பக்கம். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளாவோடு போயின. மலைமேல் நிலம், மலையடியில் வீடு என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு நடுவில் கோடு விழுந்தது, அவ்வளவுதான். வியாபாரம் கோட்டைப் பார்க்கவில்லை. இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. போடியில் சில தெருக்களில் நடந்தால் வாசம் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

கம்பத்தில் கன்னடம் பேசறாங்களாமே?

வீட்டுக்குள் பேசுவார்கள். ஒக்கலிகர், காப்பிலியர் வீடுகளில் கன்னடம், நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. விஜயநகர, நாயக்கர் காலத்தில் வந்து தங்கியவர்கள். காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, போடிநாயக்கனூர் என்று ஊர்ப் பெயரை வைத்தே யார் யார் வந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ராவுத்தர்கள் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நிறைய. உத்தமபாளையத்தில் 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் படிக்காத குடும்பம் சுற்றுவட்டாரத்தில் குறைவு.

இவர்களுக்கெல்லாம் முந்தைய சங்கதி வேண்டுமானால் சின்னமனூர்ச் செப்பேடு. பாண்டியர் காலத்தில் ஊர் பெயர் அரிகேசரிநல்லூர். பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தி, மதுரையில் சங்கம் வைத்ததாகச் சொல்லும் வரி அந்தச் செப்பேட்டில்தான் வருகிறது. தமிழ் வாத்தியார் இதைச் சொல்லும்போது மட்டும் எங்கள் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

தம்பிரான் மாடுன்னா என்ன?

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. அந்தச் சாமிக்கு நேர்ந்து விட்ட மாடுகள்தான் தம்பிரான் மாடு. அவை வளரும் தொழுவமே கோயில் மாதிரி. மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டி சனம் எல்லாம் அங்கேதான். பட்டத்துக் காளைக்குத் தனி மரியாதை.

இதோடு மலைமாட்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். மலைமாடு காட்டில் மேய்ந்து வளரும் நாட்டினம், எருவுக்காகவே கிடை போடுவார்கள். மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகள் 2021-ல் புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து மேய்ச்சலுக்குப் பெரிய இழுபறி. மாட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

வீரபாண்டித் திருவிழாவில் அப்படி என்ன விசேஷம்?

சித்திரை மாதம் எட்டு நாள், ராத்திரி பகல் கிடையாது. முதலில் கம்பம் நடுவார்கள் (ஊர் கம்பம் இல்லை, மூன்று கிளை உள்ள மரக் கம்பம்). ஆற்றில் முங்கி, ஈரத் துணியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி, கண் நோவுக்கும் அம்மைக்கும் நேர்ந்துகொண்டு ஆயிரங்கண் பானை. திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். கோடை உச்சத்தில் ஆற்றில் தண்ணீர் இருப்பது எதனால் என்று நான்காம் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

மலைமேல இருக்கிற கண்ணகி கோயில் தமிழ்நாடா, கேரளாவா?

இரண்டு மாநிலமும் எங்களுடையது என்கின்றன. மங்கலதேவி என்று கேரளாக்காரர்கள் சொல்வார்கள். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டு வழியாக ஆறேழு கிலோமீட்டர் ஏறியும் போகலாம். முட்டி நன்றாக இருந்தால் நடந்தே போங்கள்.

ரயில் வந்தாச்சாமே?

போடி வரை வந்தாயிற்று. மதுரை–போடி பழைய மீட்டர்கேஜ் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் வந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த கூட்டம் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் நின்று செல்போனில் படம் எடுத்தது. தேனியைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் ரயில் இல்லை, பஸ்தான். கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் ஐயப்ப பக்தர்கள் நெரிசலைக் கணக்கில் வையுங்கள். அப்போது போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவார்கள்.

சரி, அணை கேரளாவில் இருக்கு, ஆனால் தமிழ்நாட்டுக்குச் சொந்தம்ங்கறாங்க. அது எப்படி?

நிலம் திருவிதாங்கூருடையது. 1886 அக்டோபர் 29-ல் போட்ட ஒப்பந்தப்படி 8,000 ஏக்கரை 999 வருடக் குத்தகைக்கு மெட்ராஸ் அரசாங்கம் எடுத்தது. ஏக்கருக்கு 5 ரூபாய், வருடத்துக்கு 40,000. 1970-ல் புதுப்பித்தபோது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள். மின்சாரம் எடுத்துக்கொள்ளும் உரிமைக்குத் தனியாகப் பணம், மீன்பிடி உரிமை கேரளாவுக்கு. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டு நீர்வளத்துறை. ஆனால் ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டுபோக வேண்டும் என்றாலும் கேரள வனத்துறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தகராறில் பாதி அந்த வாசலில்தான் பிறக்கிறது.

136, 142, 152னு மாத்தி மாத்திச் சொல்றாங்களே, எது சரி?

மூன்றும் சரி, காலம்தான் வேறு. எல்லாம் அணையின் நீர்மட்டம், அடியில். முழுக் கொள்ளளவு 152 அடி. 1979-ல் அணை தாங்காது என்ற பயம் கிளம்பியபோது 136-க்கு இறக்கினார்கள். மேலே கான்கிரீட் பாரம் ஏற்றியும், கம்பிவடம் இறக்கி நங்கூரம் போட்டும், பின்பக்கம் கான்கிரீட்டில் அணைப்பு கொடுத்தும் பலப்படுத்தினார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 என்றது, கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வருடம் நவம்பரில் 35 வருடத்துக்குப் பிறகு தண்ணீர் 142-ஐத் தொட்டது. ஊரில் வெடி வெடித்தோம்.

உடைஞ்சிடும்னு அவங்க பயப்படுறது பொய்யா?

நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012-ல் ஆராய்ந்து அணை பத்திரமாக இருக்கிறது என்று சொன்னது. நான் அதை நம்புகிறேன். ஆனால் வண்டிப்பெரியாற்றில், அணைக்கு நேர் கீழே ஆற்றோரம் வீடு இருக்கிற ஒருவர் ராத்திரி மழைச் சத்தத்தில் விழித்துக்கொண்டால், அவரிடம் போய்க் குழு அறிக்கையை வாசிக்க முடியாது. அங்கே குடியிருப்பவர்களில் தமிழர்களும் நிறைய, தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் தலைமுறையாகத் தங்கிவிட்டவர்கள். அவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. எங்களுக்குப் பயம் வேறு மாதிரி. அணை இல்லையென்றால் முதல் போகம் இல்லை, மூன்றாம் பதிலில் சொன்ன மழைதான் மிச்சம்.

அப்போ சண்டை வந்தா உங்களுக்கும் மலைமேல இருக்கிறவங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்னுடுமா?

2011 டிசம்பரில் நின்றது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் குமுளியைப் பார்த்து நடந்தார்கள். எல்லையை மூடினார்கள். ஜீப் ஓடவில்லை. மலைமேல் காய் பழுத்துக் கீழே உதிர்ந்தது, பறிக்க ஆள் இல்லை. கீழே எங்கள் சந்தையில் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் அழுகின, வாங்க ஆள் இல்லை. அங்கே கூலிக்குத் தங்கியிருந்தவர்கள் பயந்துபோய் மூட்டையோடு காட்டு வழியாக இறங்கி வந்தார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்போது தினமும் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவர். வேலை நின்று மூன்றாவது வாரம், தோட்டத்து முதலாளியம்மா போன் பண்ணினார். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. அணையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோடு திறந்தால் எத்தனை பேரைக் கூட்டி வருவாய் என்று அவர் கேட்க, பதினாலு பேர் என்று அக்கா சொன்னார். ரோடு திறந்த அன்று பதினாறு பேர் ஏறினார்கள்.